எல்லா ஆபத்துக்கும் ஒரே மணி

ஜூன் 3

அன்புள்ள கண்ணா,

நலம். நீயும் மருமகளும் நலம் என்று நம்புகிறேன். உன் கடிதம் வராமலே நம்பப் பழகிவிட்டேன்.

நேற்று எங்கள் முதியோர் இல்லத்தில் வெள்ள ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் மாடியில் இருப்பவர்களையெல்லாம் கீழே இறக்கி, ஆற்றை ஒட்டிய முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். தீப்பிடித்தால் செய்ய வேண்டியதை வெள்ளத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்.

"வெள்ளம் வந்தா மேலதானே போகணும்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"எந்த ஆபத்துன்னாலும் ரூல் ஒண்ணுதான் பெரியம்மா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று தோளில் தட்டிக் கொடுத்தார்.

நான் இருப்பது தரைத்தளம். பக்கத்துக் கட்டிலில் நடக்க முடியாத டீச்சர். மழைக்கு முன் எங்கள் இருவரையும் மாடிக்கு மாற்றச் சொல்லி ஒரு போன் செய். பிள்ளைகள் சொன்னால்தான் காதில் ஏறுமாம்.

அம்மா

ஜூன் 20

அன்புள்ள அம்மா,

மேனேஜரிடம் பேசினேன். நல்ல மனிதர். சாப்பாட்டு நேரத்தில் வெள்ளத்தைப் பற்றிப் பேசி எல்லோரையும் நீங்கள் பயமுறுத்துகிறீர்களாம். இந்த வயதில் பயம் சகஜம் என்றார். மாலையில் அமைதிக்கு ஒரு மாத்திரை தருவார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். அறை விஷயத்தை மழை முடிந்ததும் பார்ப்பார்களாம். கொஞ்சம் அனுசரித்துப் போங்கம்மா.

உங்கள் மகன்

ஜூலை 2

மகனுக்கு,

நீ சரி என்று சொன்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து, நர்ஸ் போனதும் துப்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் முந்தாநாள் மாலை ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்தபோது விழித்திருந்தேன்.

மணி அடித்தது. மாடியில் இருந்தவர்கள், சொல்லிக்கொடுத்தபடியே, கைகோத்து இறங்கி வந்தார்கள். படிக்கட்டை மறித்து நின்று கத்தினேன்.

"மேல ஏறுங்கய்யா! மூளை இருக்கா?"

"மணி அடிச்சிருக்கேம்மா" என்றார் முன்னால் வந்த ரிடையர்டு ஜட்ஜ்.

"அடிச்ச மேனேஜரு மாடியிலதான் நிக்கறாரு. திரும்பிப் பாருங்க."

பார்த்தார்கள். ஏறினார்கள்.

சமையல்காரரும் வாட்ச்மேனும் டீச்சரை நாற்காலியோடு தூக்கி வந்தபோது தண்ணீர் அவர்கள் இடுப்புக்கு வந்திருந்தது. டீச்சருக்கும் மாத்திரை, அவர் மகளும் சரி என்று சொன்னவள்தான். வெள்ளம் வந்ததே டீச்சருக்குத் தெரியவில்லை. அப்படியோர் அமைதி.

இனி என்னைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை அவர் தோளைத் தட்டவில்லை. வர வேண்டும் என்று உனக்கு எப்போதாவது தோன்றினால், பார்வையாளர் நேரம் மாலை நான்கு மணி. வாசலில் உட்கார வைப்பார்கள். உன்னைப் பார்க்க எனக்கு இஷ்டமா என்று கேட்டு வந்து சொல்வார்கள்.

இப்படிக்கு,
மாடி அறையில் இருப்பவள்