பதினோரு ஆண் குளவிகள்

மார்ச் 14, மாலை 4.10. உயிரோடு இருப்பவை பதினொன்று.

அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை. என் குளவிகள்தான் போய்விட்டன. மாவுப்பூச்சியைக் கொன்று பயிரைக் காக்க மூன்று வருஷமாக வளர்த்தவை.

எறும்பு வராமல் மேசைக்காலில் தடவும் கிரீஸை எங்கள் ஆய்வகத்தில் 'மருந்து' என்போம். புதிதாக வந்த துப்புரவு அக்காவிடம், "மேசைக்கு மருந்து போடுங்க" என்றேன். அறை முழுக்கப் பூச்சிமருந்தை அடித்துவிட்டார். கத்தினேன்.

"நீங்கதானே தம்பி மருந்துன்னீங்க? பூச்சி ரூமுக்கு வேற என்ன மருந்து?"

பிழைத்த பதினொன்றும் ஆண். எனக்குப் பெண் பார்ப்பதை விட்டு இவர்களுக்குப் பார். முதலில் இவற்றைப் பிடித்துவந்த தோட்டத்தையும் அழித்துவிட்டார்கள். லென்ஸில் நான்கு தடவை பார்த்தேன். ஒரு பெண்கூட இல்லை. இந்த வம்சம் இதோடு சரி.

கவலைப்படாதே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அப்பா போடும் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. துவைக்க வேண்டாம், நேரமாகும்.

அவசரமாக முடிக்கிறேன். இனி செய்யப்போவது:

1. தப்பு என்னுடையது என்று பேராசிரியரிடம் சொல்வேன்.
2. அக்காவின் வேலை போகாமல் பார்த்துக்கொள்வேன்.
3. பதினொன்றுக்கும் தேன் வைப்பேன். பிரயோஜனமில்லைதான். பட்டினி போட மனசு வரவில்லை.