இடுப்பு தாண்டாத செடி

என் உண்ணாமலைக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்துதான் எழுதுகிறேன். நாலு வருடம் நீ சொன்னதையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி நிரப்பினேன். உனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆன பிறகு எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் உன் ஊர்ச் செய்தி. போளூர் வண்டி இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை மலை ஏறுகிறது. காவலூரில் இன்னும் பெரிய தொலைநோக்கி வைக்கக் கட்டடம் எழுப்புகிறார்கள். உன் வீட்டுக்காரர் அங்கே கல் சுமக்கப் போகிறார். பள்ளிக்கூட விடுதிச் சமையலுக்கு உன் இடத்தில் வேறு ஒருத்தி வந்துவிட்டாள். பிள்ளைகள் அவளைப் பிடித்திருக்கிறது என்றும் சொல்வதில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்வதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான் முதலில் மலைக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். பண்பாட்டு ஆய்வு, விமர்சனக் கோட்பாடு என்று எங்கள் துறையில் அப்போதுதான் புதுச் சொற்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றை வைத்து உங்கள் பாட்டுகளை ஆராய்வதாகத் திட்டம். விடுதி அடுப்படியில் உட்கார்ந்து இதை உனக்கு விளக்கினேன்.

"நாப்பது வயசுல இஸ்கூலுக்குப் போறவள இப்பதான் பாக்கறேன். ஒங்க வாத்தியாரு அடிப்பாரா டீச்சரம்மா?" என்றாய்.

"திட்டுவார்."

"அப்ப இன்னாத்துக்குப் படிக்கற?"

சிரித்து மழுப்பினேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் எங்கள் வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை என்பதுதான் உண்மையான பதில். அதை எப்படிச் சொல்வது?

அன்றைக்கே நீ என் தகர ஜாமெட்ரி பாக்ஸைப் பார்த்துவிட்டாய். அதில்தான் பேனாக்களை வைத்திருந்தேன். மூடியில் பூனைப் படம் ஒட்டியிருந்தது.

"இது பாப்பாதா? எத்தினியாவது படிக்குது?"

"அஞ்சாவது."

"எம்மாம் ஒசரம் இருக்கும்?"

நான் கையை என் இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினேன்.

உண்ணாமலை, என் பெண் அப்போது இல்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பதினோரு நாள்தான் படுத்திருந்தாள். அது நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கீழே போளூரில் எல்லாருக்கும் தெரியும். என்னைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மேலே யாருக்கும் தெரியாது. ஒரு இடத்திலாவது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது.

அடுத்த வருடம் கேட்டாய், ஆறாவது என்றேன். அதற்கடுத்த வருடம் ஏழாவது. நீ ஒவ்வொரு தடவையும் நெல்லிக்காயைத் துணியில் கட்டிக் கொடுப்பாய். "பாப்பாகிட்ட குடு, உப்பு வெச்சித் தின்னட்டும்." போளூரில் இறங்கும்போது அந்த மூட்டையை வண்டி இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்குவேன். அதை உன்னிடம் இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் ஆய்வைப் பற்றி நீ ஒரே ஒரு தடவைதான் தர்க்கம் பண்ணினாய். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது, ஊரே சேர்ந்து கட்டுவது என்று நான் சொன்னேன். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "ஊரே சேந்தா? இங்க ஒரு வேலி கட்ட நாலு பேரு சேர மாட்டானுங்க, பாட்டு கட்டுவானுங்களா?" அதையும் எழுதிக்கொண்டேன். பக்க ஓரத்தில் 'நகைச்சுவை உணர்வு' என்று குறித்தேன்.

மூன்றாவது வருடம் உன் வீட்டு முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தீர்கள். நீ, உன் நாத்தனார் செல்லி, இன்னும் நாலைந்து பெண்கள். துக்கப் பாட்டு ஏதாவது பாடுங்களேன் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். நீ முறத்தை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்தாய். பிறகு பாடினாய்.

மல ஏறி வர்றா எங்கக்கா
மடியில வெதையும் இல்ல
மூணு வருசம் தண்ணி ஊத்தி
இடுப்பு தாண்டலியே செடி
சொல்ல வேணாம் எங்கக்கா
சும்மா வந்து குந்து

பாடி முடித்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். நான் டேப் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை பாடு உண்ணாமலை, வார்த்தை சரியா விழல" என்றேன்.

நீ மறுபடியும் பாடினாய்.

அந்த ஆறு வரிக்கு முப்பத்து நாலு பக்கம் எழுதினேன். விதையில்லாத மடி என்பது பறிபோன நிலம். வளராத செடி என்பது காட்டுச் சட்டங்களால் முடங்கிய மலை வாழ்க்கை. 'வந்து குந்து' என்பது நிலத்தின் மீது உரிமை கோரும் கூட்டுக் குரல். 'அக்கா' என்பது மலையையே குறிக்கிறது என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டேன். என் நெறியாளர் படித்துவிட்டு, "இந்த ஓர் இயல் போதும்மா, உங்களுக்குப் பட்டம் கொடுக்க" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று எனக்குப் பசித்தது.

கார்த்திகை மழையில் உனக்கு வயிற்றுவலி வந்தது. போளூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உன்னை உயிரோடு கொண்டுவர முடிந்ததாம். அதே நாள், இரண்டு தெரு தள்ளி, தட்டச்சுக்காரர் கடையில் உட்கார்ந்து உன் பாட்டுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆள் அனுப்பியிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று யாரைக் கேட்பது? என் வீடு எந்தத் தெருவில் என்றுகூட நான் உங்களுக்குச் சொன்னதில்லை.

மாசியில் மறுபடி மலைக்கு வந்தேன். துக்கம் கேட்க வந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒரு பாட்டுக்கு வேறு இரண்டு பேராவது பாடிய வடிவம் வேண்டும் என்று நெறியாளர் கேட்டிருந்தார். செல்லியும் மற்றவர்களும் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். டேப்பைப் போட்டேன். உன் குரல் வந்ததும் எல்லார் கையும் நின்றது. செல்லி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"இதை வேற யாராவது பாடுவீங்களா?" என்று கேட்டேன்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செல்லிதான் வாயைத் திறந்தாள். "இன்னா டீச்சரம்மா, ஒண்ணுந் தெரியாத மாரி கேக்கற? இது ஊரு பாட்டா? ஒன்னப் பத்தி எங்கண்ணி கட்டனது."

"என்னைப் பற்றியா?"

"பின்ன? கிளாசு மட்டும் ஏறிக்கினே போவுது, புள்ள இடுப்புக்கு மேல வளரல. நீ வெச்ச கை வெச்ச எடத்துலதான் கீது. நாங்க இன்னா, புள்ள பெத்து வளக்காதவங்களா? 'யாரும் வாயத் தொறக்காதீங்கடி, அதுவா சொன்னா சொல்லட்டும்'னு அண்ணி எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சி."

நான் டேப்பை அணைக்கவில்லை. அது ஓடி முடிந்து தானாக நின்றது. அவர்கள் மறுபடி புளி தட்ட ஆரம்பித்தார்கள், என்னைப் பார்க்காமல்.

என் முகத்துக்கு நேரே நீ எப்போதும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டாய். பாட்டில் மட்டும் அக்கா என்றாய். அதைத்தான் மலை என்று எழுதியிருக்கிறேன்.

நெறியாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "பாடினவங்க இப்ப உயிரோட இல்ல. அது யாரைப் பற்றியதுங்கறது நம்ம கோட்பாட்டுக்குத் தேவையும் இல்ல. அப்படியே இருக்கட்டும்மா. இதை எடுத்துட்டா ஆய்வேடு நிக்காது, உங்களுக்கு இனிமேல் நீட்டிப்பும் கிடையாது" என்றார். கோட்பாட்டுப்படி அவர் சொன்னது சரிதான். பேசாமல் விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். உண்மையை எழுதவேண்டும் என்றால், களத்தில் நான் சொன்ன பொய்யை எழுதவேண்டும். என் பெண் இல்லை என்பதை என் கையால் எழுதவேண்டும். இரண்டு மாதம் ஆய்வேட்டுக் கட்டைப் பிரிக்கவே இல்லை.

பிறகு பிரித்தேன். முப்பத்து நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். புது இயல் பத்தொன்பது பக்கம். இப்படித் தொடங்குகிறது: 'இந்தப் பாட்டைக் கட்டியவர் உண்ணாமலை. இதைத் தவறாகப் படித்தவர் இந்த ஆய்வாளர். இவருடைய மகள் அமுதா பத்து வயதில் இறந்துபோனாள்.'

தட்டச்சுக்காரர் அந்த வரியில் கையை நிறுத்தினார். "மேடம், இத அடிக்கட்டுங்களா?"

"அடிங்க."

கார்பன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அமுதாவின் அப்பா எடுத்துப் படித்தார். எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே, "அமுதாவுக்கு நெல்லிக்காய்னா உசுரு இல்ல?" என்றார். பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்குள் நுழைகிற நேரம், மணி நாலரை இருக்கும்.

போன வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்களோ தெரியாது. ஒருவர் பாடிய ஒரு பாட்டை வைத்துப் பட்டம் தரமுடியாது என்று சொல்லவும் கூடும். நீ பாடி முடித்து என்னைப் பார்த்தாயே, நான் அழுவேன் என்று காத்திருந்தாயா? இரண்டாவது தடவை பாடும்போது என்ன நினைத்துக்கொண்டு பாடினாய்? இதற்கெல்லாம் பதில் சொல்ல நீ இருந்திருக்கக்கூடாதா?

சாமை அறுப்புக்கு வருகிறேன். டேப் கொண்டுவரமாட்டேன், நோட்டும் கொண்டுவரமாட்டேன். அவள் பெயரை உங்கள் முற்றத்தில் நானே சொல்வேன். கையை எந்த உயரத்திலும் வைத்துக் காட்டமாட்டேன். செல்லி நெல்லிக்காய் கட்டிக் கொடுத்தால் அதை வீடு வரைக்கும் கொண்டுபோவேன். மற்றபடி, நீ சொன்னாயே, அதுபோலச் சும்மா வந்து குந்துவேன்.

உன் அக்கா,
அமுதாவின் அம்மா