முதல் பக்கத்தில் எமில்

சிகாகோ, மார்ச் 6, 1911

காலையிலேயே தெருமுனையில் தகராறு. 'பீக்கன்' பத்திரிகை வண்டியிலிருந்து இறங்கிய அவர்கள் ஆள் குவில், எங்கள் பத்திரிகைக் கடைக்குள் பேப்பரைக் கட்டுக்கட்டாய் எறிந்தான்.

"மேயராகப் போறவரோட பேப்பர்யா. மத்ததையெல்லாம் தூக்கிக் கடாசு."

"ஜனங்க கேக்குறதைத்தான் விப்பேன்" என்றார் என் புருஷன் எமில்.

குவில் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பீக்கன் முதலாளி ஹார்லன் க்ரூ ஒரு காலத்தில் இதே முனையில் நின்று தன் பத்திரிகையைக் கூவி விற்றவர். பக்கத்தில் நின்று கூடக் கூவியவர் என் புருஷன். இன்று க்ரூவுக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடம்.

மார்ச் 9

எமிலை அடிச்சிட்டாங்க. குவிலும் இன்னும் இரண்டு பேரும். இரும்புத் தடி. விழுந்த பிறகும் குவில் அடித்தான் — தலையில். கடைக்குத் தீ வைத்தார்கள். எதிரே நின்ற போலீஸ்காரன் முதுகைத் திருப்பிக்கொண்டான். எமிலின் பல் ஒன்று என் பாவாடை மடிப்பில் கிடந்தது.

மார்ச் 11

க்ரூ ஆஸ்பத்திரிக்கு வந்தார், படம் எடுப்பவனோடு. "கட்டு நல்லா தெரியணும், ரத்தத்தைத் துடைக்காத" என்றார்.

எமில் மெல்லக் கேட்டார்: "என்னைத் தெரியலையா, ஹார்லன்?"

க்ரூ விளக்கை நகர்த்தச் சொன்னார்.

மார்ச் 12

பீக்கனின் முதல் பக்கத்தில் எமில். 'எதிர்ப் பத்திரிகை அடியாட்களின் வெறி!' பொய். பச்சைப் பொய்.

மார்ச் 14

எமில் போய்விட்டார்.

மார்ச் 18

க்ரூவின் தேர்தல் கூட்டம். மேடையில் ஆள் உயரத்துக்கு எமிலின் படம். எப்படி ஏறினேன்?

"இவர் என் புருஷன்! கொன்னது உங்க ஆளு! அதோ, படிக்கட்டுல நிக்கிறான்!"

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார் க்ரூ.

அவன் பாய்ந்து வந்து என் முடியைப் பிடித்துத் தரையில் அறைந்தான். க்ரூ அலறினார்: "குவில்! விடுடா, எல்லாரும் பாக்குறாங்க!"

கூட்டம் மொத்தமும் க்ரூவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நாற்காலிகள் பறந்தன. குவிலின் தாடை உடைந்ததைக் கேட்டேன். சந்தோஷப்பட்டேன். ஆமாம், பட்டேன்.

ஏப்ரல் 5

க்ரூ தோற்றார். ஜெயிலில் இருக்கும் குவில் எல்லாவற்றையும் கக்கிவிட்டானாம்.

நவம்பர் 20

பீக்கன் கைமாறிவிட்டது. புதுக் கடை போட்டு ஒரு மாதம்.

இன்று க்ரூ வந்தார், தனியாக, சவரம் செய்யாத முகத்தோடு. இந்த முகத்தைக் கண்டால் நகத்தால் கிழிப்பேன் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு பத்திரிகையை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். இன்னொன்றை எடுத்தார்.

"என்னைப் பத்தி எதுலயாவது போட்டிருக்காம்மா?"

"ஒண்ணுலயும் இல்ல."

மூன்றாவதையும் பிரித்தார்.

"கொஞ்சம் நகருங்க. பின்னால ஆள் நிக்குது."

நகர்ந்தார்.