புகுந்த ஊர் அணி

மங்கரே, ஒக்லாந்து, நியூசிலாந்து
12.05.2025

அன்பின் சம்மந்தியம்மா இராசமலர் அவர்களுக்கும் முருகையா அண்ணருக்கும்,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், உங்கள் மகளின் வலது முழங்காலைத் தவிர. அங்கே உங்கள் சுகத்துக்கு நயினை அம்மனை வேண்டுகிறேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் அழத் தொடங்கிவிடுகிறீர்கள், அதன் பிறகு எனக்கு ஒன்றும் சொல்ல வராது. ஊருக்கு வரும் இராசரத்தினம் மாஸ்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனுஷா வந்து இறங்குவதற்கு முன்பே உங்கள் கைக்குக் கிடைத்துவிடும்.

போன கிழமை நீங்கள், 'வைத்தியம் முடிஞ்சதும் எப்ப திருப்பிக் கூப்பிடுவியள்?' என்று கேட்டீர்கள். நான் போனை இவரிடம் கொடுத்துவிட்டேன், இவர் மழையைப் பற்றிக் கதைத்தார். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நான் சொல்வதுதான் முறை. அவள் சொன்னால் தன் பக்கத்தை மட்டும்தான் சொல்வாள்.

சம்பந்தம் பேசும்போது, பிள்ளைக்குச் சமையல் தெரியும், தையல் தெரியும், தேவாரம் பாடும் என்றெல்லாம் சொன்னீர்கள். மாவட்ட அணிக்கு உதைபந்து ஆடியவள் என்பதை மட்டும் மறைத்துவிட்டீர்கள். அதை நான் குற்றமாக எடுக்கவில்லை, நாங்களும் எங்கள் மகன் யசியின் ஆஸ்துமாவைச் சொல்லவில்லைதானே. வந்த புதிதில் ஒருநாள் பார்க்கில் தொங்கா நாட்டுப் பிள்ளைகளின் பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. இவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு உதை விட்டாள் பாருங்கள், பந்து மைதானத்தின் மறு கரைக்குப் போய்விட்டது. நான் தலையில் கை வைத்தேன். இவரோ புதையல் கண்டவர் மாதிரிச் சிரித்தார்.

காரணம் உண்டு. இங்கே ஒவ்வோர் ஈஸ்டர் விடுமுறைக்கும் எங்கள் தீவுக்காரர்கள் பெண்களுக்கு ஓர் உதைபந்துப் போட்டி வைப்பார்கள். நெடுந்தீவு, எழுவைதீவு, நயினாதீவு, அனலைதீவு என்று நான்கே நான்கு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆடும். அணிக்கு ஏழு பேர். அந்த ஏழு பேரைச் சேர்ப்பதற்குள் சங்கத் தலைவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். பாதிப் பேர் தமிழே கதைக்காத பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதிப் பேர் சாரியை விட்டால் வேறு உடுப்புப் போடாத பெண்கள். எங்கள் அனலைதீவுச் சங்கத்துக்கு இவர் தலைவரான நாளிலிருந்து ஒரு முறைகூடக் கிண்ணம் கிடைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் மற்றவன் கிண்ணம் தூக்குவதைப் பார்த்துக் கை தட்டிவிட்டு வந்து, இங்கே சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிவார்.

உங்கள் நயினாதீவு அணிக்குச் சாந்தா என்ற பெண் தலைவி. அவள் வீட்டுக்கே வந்து, 'அக்கா, தனுஷா எங்கட ஊர்ப் பிள்ளை, எங்களுக்கு ஆடட்டும்' என்று கேட்டாள். ஆனால் போட்டி தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு விதி இருக்கிறது. கலியாணம் முடித்த பெண் புகுந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும். இவர் அதைச் சொல்லி அனுப்பிவிட்டார். தனுஷா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து, 'சரி மாமா, நான் உங்களுக்கே ஆடுறன்' என்றாள். 'உங்களுக்கே' என்று சொன்னது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. 'எங்களுக்கு' என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஆடினாள். பொய் சொல்லக் கூடாது. எழுவைதீவுக்கு எதிராக அவள் அடித்த கோல்களைப் பார்த்து நான் கை சிவக்கத் தட்டினேன். பக்கத்தில் இருந்த எல்லோரிடமும் அது என் மருமகள் என்று சொன்னேன். அந்த ஒரு காலை நேரம் எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. யசி தான் வேலை செய்யும் இடத்துப் பெடியன்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். கலியாண வீட்டில்கூட அவன் முகம் அப்படி இருக்கவில்லை.

நெடுந்தீவுக்கு எதிரான ஆட்டத்தில்தான் விழுந்தாள். யாரும் தள்ளவில்லை. திரும்பினாள், முழங்கால் திரும்பவில்லை, அவ்வளவுதான். முதலுதவிக்கு நின்ற சமோவாப் பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி ஆடக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி என்று சொன்னாள். தனுஷாவும், 'மாமி, கால் ஊண்டேலாமல் கிடக்கு' என்றாள். இவர் வந்து, 'இன்னும் ஒரு ஆட்டம்தானே பிள்ளை, இவ்வளவு தூரம் வந்திட்டம்' என்றார். அவள் யசியைப் பார்த்தாள். அவன், 'அப்பா சொல்லுறார்தானே' என்றான். நான்தான் ஐஸ் வைத்து, பண்டேஜ் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பெற்ற தாய் கூட அவ்வளவு பொறுமையாகக் கட்டியிருக்க மாட்டாள்.

இறுதி ஆட்டம் உங்கள் ஊரோடு. அதுதான் அவளுடைய கெட்ட காலம். ஆட்டம் முழுக்க ஒற்றைக் காலில் இழுத்து இழுத்து நின்றாள். முடியப் போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு தண்ட உதை கிடைத்தது. அடித்தால் கிண்ணம் எங்களுக்கு. வேறு பிள்ளை அடிக்க முன்வந்தது, இவர் கையை நீட்டித் தனுஷாதான் அடிக்க வேண்டும் என்று காட்டினார். யசி வீடியோ எடுக்கப் போனை உயர்த்திக்கொண்டு நின்றான். அவள் ஓடி வந்து உதைத்தாள். குழந்தைகூடக் குனிந்து எடுக்கும் பந்து அது. அப்படியே உருண்டு உங்கள் ஊர்ப் பந்துகாப்பாளரின் கையில் போய் இருந்தது. இவள் விழுந்து கிடந்தாள். அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? பந்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து இவளைக் கட்டித் தூக்கினாள். சாந்தாவும் ஓடி வந்தாள். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் உங்கள் ஊர் கோல் அடித்துக் கிண்ணத்தைக் கொண்டு போய்விட்டது.

பரிசளிப்பில் இவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே, 'எங்கட மருமகள் பிறந்த ஊருக்குச் சீதனத்தைத் திருப்பிக் குடுத்திட்டா' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தனுஷா அப்போது கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பாகச் சொன்ன கதை அன்று பின்னேரத்துக்குள் சிரிப்பாக இருக்கவில்லை. தூரத்துத் தகனினி வரைக்கும் எங்கள் ஆட்களின் ஒவ்வொரு வீட்டிலும் அதே கதை. தலைவர் மகேசனின் மருமகள் ஆட்டத்தை விற்றுவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே நார் முழுதாக அறுந்திருக்கிறது, இந்தக் காலோடு நின்றதே பெரிய விஷயம், பந்தை உதைத்திருக்கவே முடியாது என்று சொன்னார். யசி கேட்டுவிட்டு வந்து சொன்னான். இவர், 'டாக்டருக்கு எங்கட ஊர்களைத் தெரியுமோ?' என்று கேட்டார். எனக்கும் புரிந்தது. மைக்கில், முழு ஊருக்கும் முன்னால், ஒரு மனிதர் சொல்லிவிட்டார். அதை எப்படித் திருப்பி எடுப்பார்? வருகிற மாதம் சங்கத் தேர்தல் வேறு வருகிறது.

இங்கே விபத்தென்றால் சத்திரசிகிச்சைச் செலவை அரசாங்கமே பார்க்கும், காத்திருக்கத்தான் வேண்டும். சாந்தா ஆஸ்பத்திரிக்கே வந்து, அதுவரை தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் மருமகளை உங்கள் ஊர்க்காரி வீட்டில் விட்டால், சனம் சொன்னது உண்மை என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. தனுஷா யசியைத்தான் பார்த்தாள். எப்போதும் அவனைத்தான் பார்க்கிறாள், அதில் என்ன காண்கிறாளோ. அவன் போனைப் பார்த்துக்கொண்டே, 'ஊருக்குப் போய்க் காலைச் சரிப்படுத்திக்கொண்டு வா' என்றான். அவள் சரி என்றாள்.

யசி பொறுப்பு நின்றால்தான் அவளுடைய விசா நீடிக்கும். வருகிற மாதம் அது முடிகிறது. அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. நான் கேட்டேன், 'அப்பாவிட்டக் கேளுங்கோ' என்றான். நான் இவரிடம் கேட்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை பிளேன் ஏறுகிறாள். ஊன்றுகோல் இருக்கிறது, காலை மடக்க ஏலாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்தில் ஏற்றி இறக்க நல்ல பலமான இரண்டு ஆட்களை அண்ணர் கூட்டிக்கொண்டு வரட்டும். யசியின் அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம், அதனால் அவளுடைய சாமான் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். குளிர்ச் சட்டைகளையும்தான். அங்கே அவற்றுக்கு வேலை இல்லை, யாருக்காவது கொடுங்கள். ஜேர்சி மட்டும் சங்கத்துடையது. துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவளைத் திட்டாதீர்கள். எதிர்த்து ஒரு சொல் சொல்லாத பிள்ளை, அப்படி வளர்த்திருக்கிறீர்கள். கேட்கிறவர்களிடம் வைத்தியத்துக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம், இரண்டு பக்கமும் ஒரே கதை இருப்பது நல்லது. அம்மன் புண்ணியத்தில் அவள் கால் நேராகி, தங்கள் வீட்டு முற்றத்தில் பழையபடி நடந்து திரிய வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்மந்தி
ரதிதேவி மகேசன்

பி.கு.: அவளுடைய தாலிக்கொடியை நான் இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். ஊன்றுகோலோடு தனியாக வருகிறவளுக்கு அவ்வளவு பாரம் கழுத்தில் வேண்டாம் என்று சொன்னேன். அவளே குனிந்து தந்தாள். 'பத்திரமா வையுங்கோ மாமி, வந்தவுடன போடுறன்' என்றாள். நான் ஓம் என்று சொல்லியிருக்கிறேன். கால் சுகப்படும் வரைக்குமாவது, தயவுசெய்து நீங்களும் அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.