உடைத்ததாகப் பதிவான என் செல்போன் வெளியாள் கையில் இருப்பது குறித்து

அனுப்புநர்:
பெண்கள் உடை தைப்பவர்,
மூன்றாம் குறுக்குத் தெரு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பழைய செல்போன் சேகரிப்பு மையத்தின் கேமரா பதிவை உடனே பாதுகாக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டிலேயே தைக்கிறேன். உடுத்திப் பார்க்கும்போது எங்கே பிடிக்கிறது என்று தெரிய, வாடிக்கையாளர் சம்மதத்துடன் செல்போனில் படம் எடுப்பேன்.

2. அந்தப் போனின் திரை செத்து, இரண்டு வருடமாக இழுப்பறையில் கிடந்தது. படங்களை அழிக்க வழியில்லாததால் யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. பேட்டரி உப்பியதும் பயந்துபோய், ‘உங்கள் கண்முன்னே உடைக்கப்படும்’ என்ற தங்கள் சுவரொட்டியை நம்பி, இம்மாதம் மூன்றாம் தேதி மையத்துக்குக் கொண்டுபோனேன். உடைக்கும் இயந்திரம் பழுது என்றார் ஊழியர். "வெச்சிட்டுப் போங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். வைத்துவிட்டு வந்தது என் தவறு, மறுக்கவில்லை.

3. பதினான்காம் தேதி என் மகளின் போனுக்கு, அந்தப் பழைய போனில் நான் எடுத்த அவள் படமே வந்தது. கை தைக்காத உடையில், முதுகுப்பக்கத் துணியில் குண்டூசி குத்தியபடி நிற்கிறாள். கீழே ஒரே வரி: "இது நீங்கதானே?" நான் அழைத்தால் அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை.

4. மறுநாள் அவள் போனை எடுத்துக்கொண்டு மையத்துக்கு ஓடினேன். என் போன் உடைக்கப்பட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது. ஊழியரின் விரல் அந்த வரிமேல் இருக்கும்போதே அடுத்த படம் வந்தது. இம்முறை என் வாடிக்கையாளர் ஒருவர். அதைக் காட்டினேன். பதிவேட்டை மூடிவிட்டு, மேலதிகாரியைப் பாருங்கள் என்றார். அது தாங்கள்தான்.

5. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளேன். போனை எடுத்தது யார் என்றறிய மையத்தின் கேமரா பதிவு வேண்டும் என்கிறார்கள். பதினைந்து நாளில் அது தானாக அழிந்துவிடுமாம். நாளை மறுநாள் பதினைந்தாம் நாள்.

6. என் மகள் இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. போனில் உள்ள மற்ற பெண்களின் வீடுகளுக்கு நானே போய்ச் சொல்லிவருகிறேன். நேற்று ஒரு வீட்டில் என் பேச்சைக் கேட்டவர், மையத்தில் கொடுக்கப் பையில் வைத்திருந்த தன் பழைய போனை எடுத்து மறுபடி பீரோவில் பூட்டினார். அதுவும் உப்பித்தான் இருந்தது. கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஐயா, இன்றே அந்தப் பதிவை எடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும், இயந்திரம் சரியாகும்வரை ஒரு போனைக்கூட வாங்காமலிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். உத்தரவு கைக்கு வரும்வரை தங்கள் அலுவலக வாசலிலேயே இருப்பேன்.

இடம்: நகராட்சி அலுவலக வாசல்
நாள்: பதினாறாம் தேதி, காலை பத்து மணி

இப்படிக்கு,
(கையொப்பம்)
மனுதாரர்