தோற்றவர்கள் கடக்கும் நேரம்

மார்ச் 3

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அறை வசதியாகத்தான் இருக்கிறது, ஜன்னல் மட்டும் ஒரு சுவரைப் பார்த்துத் திறக்கிறது. விளையாட்டு அகாடமியில் முதல் நாளே திரும்பிய பக்கமெல்லாம் முழங்கால். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடுவதற்கு முன்னால் உடம்பைச் சூடேற்றுவதே கிடையாது. பிசியோதெரபிஸ்ட் எதற்கு இருக்கிறாள் என்ற தைரியம்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம் போதும் என்று சொன்னதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். தூக்கி வைத்துக்கொள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்து வைக்கிறாய், அதுவும் தப்பாக. கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு நிபந்தனை. நம் இருவரைப் பற்றி எழுதாதே. சண்டையும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். ஊரைப் பற்றி எழுது. இங்கே என்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். ஜூன் மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். அங்கே திரும்பி வர என்ன இருக்கிறது என்று யோசித்தால், கல்யாணமான நாளிலிருந்து நான் நம் ஊரில் அதிகம் பார்த்தது உன் முதுகைத்தான். எந்தச் சாலையாக இருந்தாலும் நீ அந்தப் பக்கம் போய் நின்று, "வா வா" என்று கையாட்டிக்கொண்டிருப்பாய். நான் இந்தப் பக்கம், நடுவில் லாரி.

அப்பாவைப் போய்ப் பார். முழங்கால் வலியை மறைப்பார், நம்பாதே.

ஆமை

---

மார்ச் 11

அன்புள்ள ஆமைக்கு,

ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஊர் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. போக்குவரத்து சிக்னல் போடுகிறவனிடம் கட்டுரை கேட்டால் இப்படித்தான் வரும்.

இருந்தாலும் எழுதுகிறேன், நிபந்தனை நிபந்தனைதான். கட்டுப்பாட்டு அறையில் புதிய திரைகள் வந்துவிட்டன. எல்லாச் சந்திப்புகளும் உட்கார்ந்த இடத்திலேயே தெரிகின்றன. ரயில் நிலைய மேம்பாலத்துக்குக் கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், தெரியுமா? பாலத்தின் தூண்கள்தான் கோல் கம்பம். நிறுத்திவைத்த காரில் பந்து பட்டால் எதிரணிக்கு. காரின் சொந்தக்காரர் வந்துவிட்டால் ஆட்டம் தானாக முடிந்துவிடும். விதிமுறைகளை இவ்வளவு சுருக்கமாக எங்கள் துறையில் ஒருவனும் எழுதியதில்லை.

இன்னொன்று. பஸ் டிப்போ ஓட்டுநர்கள் ஒரு பேண்டு குழு வைத்திருக்கிறார்கள். பழுது பார்க்கிற கொட்டகையில் ஒத்திகை. சிக்னல் கம்பி பார்க்கப் போனவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். டிரம்பெட் ஊதுகிறவர் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவராம். அவர் ஏன் தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதில்லை என்று இப்போது புரிகிறது. காதுள்ள மனிதர்.

வேலைச் செய்தி: மைதானச் சந்திப்பில் ஒரு பெரிய திருத்தம் செய்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர், ஆட்டம் நடக்கும் நாட்களில் நடந்து போகிறவர்களுக்குப் பச்சையை வாரி வழங்கியிருக்கிறார். வண்டிகள் தேமே என்று நிற்கின்றன. நான் ஒரு மாதம் கூட்டத்தைப் படம் பிடித்துப் பார்த்தேன். மொத்தக் கூட்டமும் குதித்துக்கொண்டு பறக்கிறது. பாதி நேரம் வெட்டிவிட்டேன். மேலதிகாரி கை குலுக்கினார்.

உன் அப்பா நலம். முழங்கால் பற்றிக் கேட்டேன். "உன் வேலையப் பாரு" என்றார்.

இப்படிக்கு,
பொறியாளர்

---

மார்ச் 24

அன்புள்ள பொறியாளர் அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்தால் டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆனாலும் பதினேழாம் நம்பர் ஓட்டுநரை எனக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பஸ்ஸில் நான்கு வருஷம் போனேன். அவர் டிரம்பெட் ஊதுவார் என்று எனக்குத் தெரியாது. நீ கொஞ்ச நேரம் நின்றாய் என்பதுதான் அதைவிடப் பெரிய செய்தி.

கட்டுரை நன்றாகவே வருகிறது. ஆனால் எல்லாம் திரையில் பார்த்தது. மைதானத்துக்குள் என்றைக்காவது காலை வைத்திருக்கிறாயா? நம் ஊர்க் கால்பந்து அணி, அந்த நீலச்சட்டைப் பசங்களின் ஒரு ஆட்டத்தையும் அப்பா விட்டதில்லை. அவரோடு போ. போய்விட்டு எழுது.

இங்கே ஊர் சுத்தமாக இருக்கிறது. தெருவில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. ராத்திரியில் இந்த அமைதியே தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆமை

---

மே 5

அன்புள்ள ஆமைக்கு,

போனேன். தோற்றோம். எழுதுகிறேன், சிரிக்காமல் படி.

முதலில் உன் அப்பா. வீட்டில் வாயே திறக்காத மனிதர் மைதானத்தில் எப்படிப் பேசுகிறார்! எதிரணியின் கோல்கீப்பரைப் பார்த்து, "தம்பி, கம்பம் எங்கயும் போகாது, நீ கொஞ்சம் நகரு!" என்கிறார். பின்வரிசை மொத்தமும் இவர் வாயைப் பார்த்துக்கொண்டே ஆட்டம் பார்க்கிறது. நம் பையன் ஒருவன் பெனால்டியை வானத்துக்கு அனுப்பினான். நான் எழுந்து, கூட்டத்துக்கு முன்னால் வெளியேறிவிடலாம் என்றேன். "உக்காருங்க மாப்பிள்ளை. தோத்தா கைதட்டிட்டுத்தான் போகணும்" என்றார். யாருமே போகவில்லை. மூன்று கோல் வாங்கிய அணிக்கு இத்தனை ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டுவதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், எனக்கு இது தெரியாது.

பிறகு வெளியே வந்தோம். என் சந்திப்பு. பச்சை விழுந்தது. நான் கடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சிவப்பு. உன் அப்பா சாலையின் நடுத்திட்டில், நீலச்சட்டை போட்ட ஒரு பெருங்கூட்டத்தோடு மாட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு பக்கமும் வண்டிகள் சீறுகின்றன. ஒரு குழந்தை அழுகிறது. உன் அப்பாவின் குரல் எல்லா ஹாரனுக்கும் மேலே கேட்டது:

"எந்த மடையன்டா இந்த சிக்னலை வெச்சது?"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. என் பரம்பரையையே இழுத்தார்கள். அடுத்த பச்சையில் திரும்ப ஓடி அந்தத் திட்டில் ஏறினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் நடுங்கியது, இந்தத் தடவை மறைக்கவில்லை.

"மாப்பிள்ளை, உங்க ஆபீஸ்தானே இது? அவன் யாருன்னு பாத்து சீட்டைக் கிழிக்கச் சொல்லுங்க."

"நான்தான் மாமா அது."

"எது?"

"அந்த மடையன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி, "ஏம்ப்பா, ஆளு கிடைச்சிட்டான்! வெளிய எங்கயும் தேடவேணாம், என் மாப்பிள்ளைதான்!" என்றார்.

மூன்று கோல் வாங்கிய கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒருத்தர், "பொண்ணு குடுக்கும்போது விசாரிக்க வேணாமா பெரியவரே?" என்றார். உன் அப்பா, "விசாரிச்சோம், வேகமான பையன்னு சொன்னாங்க" என்றார்.

ஆமை, தப்பு எங்கே என்று அன்று இரவே தெரிந்துவிட்டது. நான் படம் பிடித்த அந்த மாதத்தில் நம் பசங்கள் எல்லா ஆட்டமும் ஜெயித்திருந்தார்கள். ஜெயித்தவர்கள் சாலையை ஓடிக் கடக்கிறார்கள். தோற்றவர்கள் அப்படியில்லை. நடுச்சாலையில் நின்று அந்தப் பெனால்டியை மறுபடி அடித்துக் காட்டுகிறார்கள். பின்னால் வருகிறவனுக்காக நிற்கிறார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு மூன்று பேர் நான்கு பேராக நடக்கிறார்கள். என் கணக்கில் தோல்வியே இல்லை.

பழைய நேரத்தைத் திரும்பப் போட்டேன், கொஞ்சம் கூட்டியும் கொடுத்தேன். மேலதிகாரி, "தோத்தவங்களுக்குன்னு தனி சிக்னலா? வேற எந்த ஊர்லய்யா இருக்கு?" என்று கத்தினார். "வேற ஊர்ல தோத்தா வீட்டுக்குப் போயிடறாங்க சார். இங்க ஒருத்தரோட ஒருத்தர் சேந்து நடக்கறாங்க" என்றேன். கோப்பைத் தூக்கி எறிந்தார், ஆனால் கையெழுத்துப் போட்டுத்தான் எறிந்தார்.

உன் அப்பாவுக்கு முழங்கால் பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எந்த அளவு என்று நீதான் சொல்லவேண்டும். நான் வாங்கியது அவர் தொடைக்கே பெரிது.

மடையன்

---

ஜூன் 19

அன்புள்ள ஆமைக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மாதக் கடைசி நெருங்குகிறது. அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். ஊரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நேற்று கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவில் தங்கலாம், தோற்றால் கீழ்ப் பிரிவு. நான் உள்ளே போகவில்லை. சந்திப்பில் சிக்னல் பெட்டியைத் திறந்துவைத்து, கையாலேயே விளக்கை மாற்றிக்கொண்டு நின்றேன். ஆட்டத்தை முழுக்கச் சத்தத்திலேயே பார்த்தேன். நம் கோல் விழுந்தால் எப்படி இருக்கும், அவர்கள் கோல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று காது பிரித்துவிடுகிறது. கடைசியில் ஒரு பெரிய மௌனம். அப்புறம் கைதட்டல். கைதட்டல் நிற்கவே இல்லை.

தோற்றுவிட்டோம், கீழ்ப் பிரிவுக்குப் போகிறோம்.

கூட்டம் வந்தது. டிப்போ ஓட்டுநர்கள் வாத்தியங்களோடு வந்திருந்தார்கள். பதினேழாம் நம்பர்காரர் டிரம்பெட்டை எடுத்து, ஜெயித்தால் வாசிப்பதற்கு வைத்திருந்த பாட்டையே வாசித்தார், மெதுவாக. மக்கள் அந்த வேகத்துக்கே நடந்தார்கள். மேம்பாலத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். உன் அப்பா ஒரு அந்நியர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைக் கடக்கும்போது, "மடையா, இன்னைக்கு சரியா வெச்சிருக்கே" என்றார். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களிலேயே இதுதான் பெரிது. மாப்பிள்ளை மரியாதை போய்விட்டது, பரவாயில்லை.

வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கவில்லை. ஒருத்தர் இறங்கி நின்று கைதட்டினார். இந்த ஊரில் இப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் அவர்களுக்கு விளக்கு போட்டிருக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு பெண், சாலையின் நடுவில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் போனவன் அந்தப் பக்கத்திலிருந்து "வா வா" என்றான். வண்டிகளுக்குப் பச்சை போடும் பொத்தான் மேல் என் விரல் இருந்தது. அழுத்தவில்லை. அவள் இரண்டு காலுக்கும் முடிச்சுப் போட்டு, எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள். அதுவரை இந்த ஊர் மொத்தமும் நின்றது.

நிபந்தனை ஞாபகம் இருக்கிறது. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

உன்
அவசரக்குடுக்கை

---

ஜூன் 27

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

பதில் போடாததற்குக் காரணம் கோபமில்லை. உன் கடிதத்தை மெதுவாகப் படித்தேன், அவ்வளவுதான். அந்த நடுத்திட்டுக் கதையை அகாடமியில் எல்லாருக்கும் சொன்னேன். இந்த ஊரில் முதன்முதலாக ஆட்கள் சத்தம்போட்டுச் சிரிப்பதைப் பார்த்தேன். அப்பாவுக்கு நடு அளவுப் பட்டை போதும்.

ஷூ கயிறு கட்டிய பெண்ணை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கட்டி முடிக்கும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன்.

நேற்று அகாடமியில் பதில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பிளாட்பாரத்துக்கு வராதே, வந்தால் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாய். மேம்பாலத்துக்கு முன்னால் இருக்கும் சந்திப்பில் நில். நிலையத்துப் பக்கம். எத்தனை பச்சை போனாலும் அங்கேயே நில். அந்தப் பக்கம் போய் நின்று கையாட்டினாயோ, அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன்.

கீழ்ப் பிரிவு ஆட்டங்களுக்குச் சீட்டு சுலபமாகக் கிடைக்கும் என்று அப்பா எழுதியிருக்கிறார். மூன்றாக வாங்கு. தோற்கிற அன்றைக்கும் நான் வருவேன்.

உன்
ஆமை