மூன்றாம் ஓலை

இயேசு மரி சூசை துணை

காஞ்சிரங்குளம்
6.11.1997

அன்பு மகள் பிந்துவுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை, அதனால் எழுதுகிறேன், உடம்பளவில் அதில் பொய்யும் இல்லை. அப்பாவுக்குத் தொண்டை அடைப்பு, எனக்கு வழக்கமான முட்டுவலி, தம்பி விஜினுக்குக் கேடு ஒன்றுமில்லை. நாக்பூரில் குளிர் தொடங்கியிருக்கும், நைட் டூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் படுத்துவிடாதே, ஒரு வாய் கஞ்சியாவது குடி. இங்கே துலா மழை நிற்கிற பாடில்லை. கடலில் மீனும் இல்லை. அப்பா காலையில் கரைக்குப் போகிறார், ஏலம் விளிக்க ஒன்றும் வராமல் திரும்பி வருகிறார், வந்து என்மேல் எரிந்து விழுகிறார். பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லாததால் வீட்டில் சண்டை இல்லை. உன்னோடு போனில் பேசலாம் என்று இரண்டு தடவை பூத்துக்குப் போனேன், உன் ஹாஸ்டலில் யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நாலு பேர் வரிசையில் நிற்க இதையெல்லாம் எப்படிச் சொல்வது, அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி மக்கா.

உன் தம்பியை வைத்து நீ எழுதின புத்தகம் வந்தபோது இந்த ஊரில் அதைப் படித்தவர்கள் நானும் கோயிலில் பூசை வைக்கிற பங்கு அச்சனும் மட்டும்தான். பையனுக்கு சிபின் என்று வேறு பேர் வைத்திருந்தாய், அதனால் என்ன, பெற்றவளுக்குத் தெரியாதா. அப்பன் கடற்கரையில் ஏலம் விளிக்கிற வேகத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், அந்தத் தாளத்திலேயே வார்த்தையைப் போட்டு ராப் பாட்டு கட்டுகிறான், ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராகச் சாவும் திருவிழாவும் அறிவித்து வயிறு கழுவுகிறான், ஒருநாள் சினிமாவில் பாடப்போகிறேன் என்று மெட்ராசுக்கு ரயில் ஏறுகிறான். அப்பா அவனுடைய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக் கடலில் எறிந்ததும், "எலே, இது பாட்டா, இல்ல கடன் குடுத்தவன் வாசல்ல நிண்ணு ஏசுற ஏச்சா" என்று கேட்டதும் அதில் உண்டு. எல்லாம் நடந்தது நடந்தபடி. என் வீட்டுக்குள் என்னையே யாரோ ஒளிந்திருந்து பார்த்த மாதிரி எனக்கு ஒரு கூச்சம். ஆனாலும் நன்றாகத்தான் எழுதியிருந்தாய், அழுதுகொண்டே படித்தேன்.

அது சினிமாவாக வந்ததும் கதை வேறாகிவிட்டது. ஓணம் கழிந்து நெய்யாற்றின்கரை தியேட்டரில் போட்டார்கள், ஊர் திரண்டு போயிற்று. நம் பக்கத்துப் பெண்களெல்லாம் உன் பெரியம்மா ராஜபாய் தலைமையில் விஜினின் முதலாளி சுந்தரதாஸின் மைக்செட் ஜீப்பில்தான் போனோம். ஓட்டி வந்தது விஜின். உள்ளே வா என்று எத்தனை கூப்பிட்டும் வராமல் வெளியிலேயே நின்றான். படத்தில் அப்பாவாக வந்தவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மீன் ஏலம் விளிக்கிறார், தியேட்டரே சிரித்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதற்கு, "எனக்கும் ஒருத்தி சட்ட தேய்ச்சுத் தந்திருந்தா நானும் நல்ல வெலைக்கு வித்திருப்பேன்" என்றார். அதுவரை விளையாட்டுதான். மெட்ராஸ் பாகம்தான் வினையாயிற்று. அங்கே அவன் டான்ஸ் ஆடுகிற ஒரு பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் கட்டுகிறான், பாட்டு எடுபடாமல் போனதும் வயிற்றுப்பிள்ளையோடு அவளை விட்டுவிட்டு ஊருக்கு வண்டி ஏறுகிறான், பிறகு அந்தப் பாவத்தையே பாட்டாகப் பாடிப் பெரிய ஆளாகிறான். நீ புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் சொல்லி முடித்ததை அவர்கள் பாதிப் படமாக்கிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் பெரியம்மா வாய்விட்டே அழுதாள். நம்முடையவன் எங்கே பெரிய ஆளானான்? மூன்றரை வருஷம் முன்பு கறுத்து மெலிந்து வந்து இறங்கி, மறுநாளே பழைய ஜீப்பில் ஏறினான். இப்போது அவன் மைக்கில் சாவு சொல்லிக்கொண்டு போனால்கூடப் பிள்ளைகள் அந்தப் படப்பாட்டைக் கத்திக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஓடுகின்றன. இழவு வீட்டுக்காரர்கள் சுந்தரதாஸிடம், அறிவிப்புக்கு வேறு ஆளை அனுப்பு என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

கொல்லயில் ஊர்க்காரி ஜிஜியை அவனுக்குப் பேசி முடித்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பாறசாலையில் தையல் கடையில் வேலை செய்கிற பிள்ளை, திருவிழா மேடையில் இவன் பாடியதைக் கேட்டுத் தானாகப் பிடித்துப்போய் ஒத்துக்கொண்டவள். கிறிஸ்துமசுக்கு முந்தின தவ நாட்களில் கோயிலில் கல்யாணம் கிடையாது, அதனால் இந்த மாதக் கடைசிக்குள் முடித்துவிடலாம் என்று இருந்தோம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டுமே, இரண்டு வாசித்தாயிற்று. பத்ரோஸ் மகன் விஜின் இன்னாரை மணமுடிக்கப் போகிறான், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அச்சன் வாசிக்கும்போது நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மனசுக்குள் கல்யாணச் சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன். எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறோம், யாராவது போய் அறிவித்தது உண்டா. இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் பெரியம்மா ராஜபாய் குடை பிடித்துக்கொண்டு அச்சனிடம் போனாள். "கண்ணு கொண்டு கண்டதாக்கும் அச்சோ, மால மாத்துனதும் கண்டேன், கையெழுத்துப் போட்டதும் கண்டேன், தெரிஞ்சிட்டு மிண்டாம இருந்தா பாவம் எனக்காக்கும்" என்றாளாம். சினிமா எல்லாம் பொய்தானே ராஜபாய் என்று அச்சன் சிரித்திருக்கிறார். அதற்கு அவள், "சினிமாக்காரன் பொய் சொல்லுவான், சம்மதிச்சேன். பிந்து பொய் எழுத மாட்டா. டேப்பக் கடல்ல எறிஞ்சது நெசம், ஜீப்புல சாவு சொன்னது நெசம், இது மட்டும் எப்பிடிப் பொய்யாவும்" என்று கேட்டாளாம். அச்சன் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவரும் புத்தகம் படித்தவர் ஆயிற்றே.

விவரம் தெரிந்ததும் சண்டை போடத்தான் போனேன். கூடப்பிறந்தவளே குழி தோண்டலாமா என்று கேட்டேன். அவளோ ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "உனக்க மோன் எனக்கும் மோன்தானே லில்லி, ஆனா அந்தப் பெண்ணு யாரு பெத்த மோளோ" என்று கேட்டாள். அவள் கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். அச்சன் வருகிற ஞாயிறு ஓலை வாசிக்கமாட்டேன் என்கிறார். விஜினை அழைத்துக் கேட்டிருக்கிறார், இல்லை என்று சொல்லியிருக்கிறான், ஆனால் தடை என்று ஒருவர் வந்து சொன்னபிறகு மாப்பிள்ளை வாயை மட்டும் நம்பி நடத்த முடியாதாம். எழுதினவள் நேரில் வந்து சுவிசேஷத்தில் கை வைத்து, அந்தக் கல்யாணம் என் கற்பனை என்று சொன்னால் பதினாறாம் தேதி மூன்றாம் ஓலை வாசிப்பாராம். கடிதம் போதாதா அச்சோ என்று கெஞ்சினேன். "எழுதுனதுனாலதானே இவ்வளவும், இனி அவ வாய் கொண்டு சொல்லட்டும்" என்றுவிட்டார். அதில் அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். விஜினிடம் நானும் கேட்டுவிட்டேன். முற்றத்தில் உட்கார்ந்து மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான், பக்கத்தில் போய் நின்று, அப்படி ஏதாவது உண்டுமா மக்கா என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அச்சன் கேட்டாரு, இல்லண்ணு சொன்னேன். ஊரு கேட்டுது, இல்லண்ணு சொன்னேன். அம்மையும் கேக்கியா" என்றான். வயரை அப்படியே போட்டுவிட்டுப் போனவன், இப்போது சாப்பாடும் படுக்கையும் சுந்தரதாஸின் ஷெட்டில்தான். சோறு கொடுத்தனுப்பினால் பாத்திரம் திறக்காமல் திரும்பி வருகிறது. அப்பா அவன் பேர் வந்தால் எழுந்து போய்விடுகிறார். வீட்டுக்குத் தெரியாமல் ஜிஜி நேற்று தையல் கடையிலிருந்து நேராக இங்கே வந்தாள். "எனக்கு அவர நம்பிக்க உண்டு அம்மை. ஆனா அந்தப் பெண்ணு நெனப்புல வந்துகிட்டே இருக்கா. அவ இல்லாத பெண்ணுண்ணு யாராவது சொன்னா நான் நிம்மதியா ஒறங்குவேன்" என்றாள். அவளை அணைத்துக்கொண்டு நின்றேனே தவிர அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்து யோசித்து என் மண்டை காய்ந்துவிட்டது.

மெட்ராசில் இருந்த நாளெல்லாம் அவன் எனக்கு எழுதினது சுகம், சுகமே என்ற ஒரு வரிதான். உனக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதினான். அங்கே அவன் யாரோடு சாப்பிட்டான், எங்கே படுத்தான், எதற்கு அழுதான் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். எழுதுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இது உன்னைத் திட்டுகிற கடிதம் இல்லை மக்கா. புத்தகம் வந்தபிறகு நீ ஊர்ப்பக்கமே வரவில்லை, தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கிறாயோ என்னவோ. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கேரளா எக்ஸ்பிரசில் இடம் கிடைக்குமா என்று பார். இல்லையென்றால் லேடீஸ் பெட்டியில் நின்றாவது வா. லீவு தரமாட்டேன் என்றால் அம்மாவுக்கு சீரியஸ் என்று சொல்லு, பெரிய பொய் ஒன்றும் இல்லை. திருவனந்தபுரத்துக்கு அப்பா வந்து நிற்பார். நேராகக் கோயிலுக்குப் போகவேண்டாம், முதலில் என்னிடம் வா. அந்தப் பெண்ணை நீயாக உண்டாக்கினாய் என்றால் இரண்டு பேருமாக அச்சனிடம் போவோம், நீ கை வைத்துச் சொல்லு. அதன்பிறகு நான் ஷெட்டுக்குப் போய் அவன் காலைப் பிடித்தாவது வீட்டுக்குக் கூட்டிவருகிறேன், பெற்ற மகனைச் சந்தேகப்பட்டவளுக்கு அதில் என்ன வெட்கம்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், நீ தொட்டு மருந்து கொடுக்கிற நோயாளிகளெல்லாம் குணமாகி உன்னை வாழ்த்தட்டும். ஞாயிறு பதினாறாம் தேதி என்பதை மறந்துவிடாதே. அந்த மெட்ராஸ் பெண் நிஜமாகவே உண்டு என்றாலும் வா. யாருக்கும் பயந்து பொய்ச் சத்தியம் செய்துவிடாதே, என்னிடம் மட்டும் சொல்லு, நான் கத்தமாட்டேன், கத்த எனக்குத் தெம்பும் இல்லை. ஜிஜியின் வீட்டில் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், ஊர் துப்பினால் துடைத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் விலாசம் மட்டும் கொண்டு வா, மெட்ராசுக்கு நான் போகிறேன். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது ஆகியிருக்கும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா
லில்லிக்குட்டி